செவிலியரின் நினைவாற்றலை அளந்தது போதும்

செவிலியர் கல்லூரி நூலகம் ஒன்றில் முதுகலை ஆய்வேடுகள் அடுக்கப்பட்டிருக்கும் அலமாரியின் முன் சற்று நேரம் நின்றவர்களுக்கு, அது இந்தியாவின் எந்த மாநிலத்துக் கல்லூரியானாலும், ஒரே தலைப்பு திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டிருக்கும். ‘தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மருத்துவமனையில் பணியாற்றும் செவிலியரிடையே இன்ன பொருள் குறித்த அறிவின்மீது கட்டமைக்கப்பட்ட கற்பித்தல் திட்டத்தின் பயன்திறனை மதிப்பிடும் ஆய்வு.’ இதில் ‘இன்ன பொருள்’ என்ற இடம் மட்டுமே ஆண்டுதோறும் மாறுகிறது. உள்ளே உள்ள அமைப்பும் மாறுவதில்லை. முதல் நாள் முன்தேர்வு, பிறகு ஒரு பாடம், ஏழாம் நாள் பின்தேர்வு. மதிப்பெண் உயர்ந்திருக்கும். உயர்வு புள்ளியியல் நோக்கில் பொருளுடையது என நிறுவப்பட்டிருக்கும். செவிலியரின் அறிவு போதுமானதாக இல்லை, அவர்களுக்குத் தொடர் பயிற்சி தேவை என்ற பரிந்துரையோடு ஏடு முடியும்.

இத்தகைய ஆய்வேடுகள் சிலவற்றுக்கு மொழித்திருத்தம் செய்து கொடுத்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் ஆய்வு மாணவர்கள் பலரும் செய்யும் வேலைதான் அது. அவற்றுள் ஒன்று, சிரைவழிச் செலுத்தப்படும் மருந்துகளும் திரவங்களும் ஒன்றோடொன்று பொருந்துமா எனச் சரிபார்ப்பது பற்றியது. அதை எழுதியவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றிய செவிலியர். இப்பதிவு அவரைக் குறைகூற எழுதப்பட்டதன்று. ஒன்பது ஆண்டுகள் நோயாளியின் படுக்கையருகே நின்ற ஒருவரை, தம் சக ஊழியர்களின் நினைவாற்றலுக்கு மதிப்பெண் போடும் வேலைக்கு அனுப்பும் நம் ஆய்வுமுறையைக் குறைகூற எழுதப்பட்டது.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரு மருந்துகள் பொருந்துமா என்பது நினைவில் வைத்திருந்து விடை சொல்லவேண்டிய கேள்வியன்று. ஒவ்வொரு முறையும் பார்த்து அறியவேண்டிய கேள்வி. பார்த்து அறிவதற்கான ஏடும், கேட்டு அறிவதற்கான ஆளும் வார்டில் இல்லாதபோது, அந்தக் குறையைச் செவிலியரின் ‘அறிவுக் குறைவு’ எனப் பெயர் மாற்றி அளக்கும் ஆய்வு பிழையான பொருளை அளக்கிறது. பிழையான பொருளை எத்துணைத் துல்லியமாக அளந்தாலும் பயனில்லை.

துறைக்கு வெளியே உள்ளவர்களுக்காகச் சிக்கலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடும் நோயாளி ஒருவருக்குச் சிரைக்குள் செல்லும் வழி ஒன்றோ இரண்டோதான் இருக்கும். செல்லவேண்டிய மருந்துகளோ பல. ஒரே குழாயில் த்ரீ-வே திருப்பியைப் பொருத்தி, ஓடிக்கொண்டிருக்கும் சொட்டுத் திரவத்தோடு இன்னொரு மருந்தையும் இணைக்கிறார்கள். அந்த இணைப்பில் இரண்டும் கலக்கின்றன. சில மருந்துகள் கலந்தவுடன் பாலைப்போல் வெளுத்து வீழ்படிவாகும். சில, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகும். நுரையீரல் தந்துகிகளின் விட்டம் சில மைக்ரான்களே என்பதால் அத்துகள்கள் அங்கே சிக்கும். வேறு சில எந்த மாற்றத்தையும் காட்டாமலேயே செயலிழக்கும். ஜென்டாமைசினை ஆம்பிசிலினுடன் ஒரே பையில் கலந்தால் கரைசல் தெளிவாகவே இருக்கக்கூடும். ஆனால் ஜென்டாமைசின் தன் ஆற்றலை இழந்துகொண்டிருக்கும். ‘கலங்கவில்லை, ஆகவே பொருந்துகிறது’ என்று முடிவு செய்ய இயலாது.

இவை ஏட்டளவிலான அச்சங்கள் அல்ல. சிரைவழி ஊட்டக் கரைசலில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து படிந்ததால் இருவர் இறந்ததையும், குறைந்தது இருவர் மூச்சுத்திணறலுக்கு உள்ளானதையும் அடுத்து 1994இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது. செஃப்ட்ரையாக்சோனும் கால்சியமும் சேர்ந்து உண்டாகும் வீழ்படிவு, இறந்த பச்சிளங்குழந்தைகளின் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் காணப்பட்டதை அடுத்து 2007இல் இன்னோர் எச்சரிக்கை வந்தது.

இனி என் துறை சார்ந்து சில சொல்கிறேன். ‘பொருந்தும்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். வடிவத்தில் அது வினைமுற்று. பொருளிலோ எச்சம். ‘அந்த மருந்து இந்த மருந்தோடு பொருந்தும்’ என்று சொன்னால் வாக்கியம் முடிந்துவிட்டதுபோல் தோன்றுகிறது, உண்மையில் முடியவில்லை. எந்தச் செறிவில்? எந்தத் திரவத்தில் கரைத்த பின்? ஒரே பையிலா, ஒரே சிரிஞ்சிலா, அல்லது ஒய் இணைப்பில் சில நிமிடங்கள் மட்டும் சந்திக்கும்போதா? எவ்வளவு நேரம் வரை? எந்த வயது நோயாளிக்கு? திருமணத்துக்குச் சாதகம் பார்ப்பவர்கூட ‘பொருந்துகிறது’ என்று ஒரே சொல்லில் நிறுத்துவதில்லை. பத்துப் பொருத்தங்களுள் எவை எவை உள்ளன என்று எண்ணிச் சொல்கிறார். மருந்துக்கும் மருந்துக்கும் இடையிலான பொருத்தத்தை மட்டும் நாம் ‘சரி’, ‘தவறு’ என்று குறியிடும் ஒருவரி வினாவாக்கி, அதற்கு ஒரு மதிப்பெண் வைக்கிறோம்.

செஃப்ட்ரையாக்சோனையே பார்ப்போம். 2007இன் எச்சரிக்கை 2009இல் திருத்தப்பட்டது. 28 நாள் வரையான பச்சிளங்குழந்தைக்குக் கால்சியம் உள்ள சிரைவழித் திரவம் கொடுக்கப்படுகிறதென்றால், அல்லது கொடுக்கவேண்டியிருக்குமென்றால், அம்மருந்து அறவே கூடாது. அந்த வயதைக் கடந்தவர்களுக்கு, இடையில் குழாயைத் தக்க திரவத்தால் நன்கு கழுவினால், இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கலாம். ஒய் இணைப்பு வழியாக ஒரே நேரத்தில் கொடுக்கக் கூடாது. இந்த விதியில் வயது இருக்கிறது, வரிசை இருக்கிறது, கழுவுதல் இருக்கிறது. ‘செஃப்ட்ரையாக்சோனும் ரிங்கர் லாக்டேட்டும் பொருந்துமா? ஆம் / இல்லை’ என்று வினாத்தாளில் கேட்டால், இரு விடைகளுமே முழு உண்மையாக மாட்டா.

இதில் பெயரின் பங்கும் உண்டு. செஃப்ட்ரையாக்சோன் கொடுக்கும் செவிலியர் அறியவேண்டியது, ஓடிக்கொண்டிருக்கும் திரவத்தில் கால்சியம் உள்ளதா என்பது. ‘ரிங்கர் லாக்டேட்’ என்ற பெயரில் ஒரு மனிதரின் பெயர் இருக்கிறது, லாக்டேட் இருக்கிறது, கால்சியம் இல்லை. 1880களில் இலண்டனில் சிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தைக் கரைசலில் வைத்துத் துடிக்கச் செய்தபோது, வடிநீருக்குப் பதிலாகக் குழாய்நீர் பயன்பட்டதால்தான் துடிப்பு நீடித்தது என்றும், குழாய்நீரில் இருந்த கால்சியமே அதற்குக் காரணம் என்றும் கண்டறிந்த கதை உடலியல் மாணவர்களுக்குத் தெரியும். கால்சியத்தால் புகழ்பெற்ற கரைசலின் பெயரில் கால்சியம் இடம்பெறவில்லை. வார்டிலோ அப்பெயரும் சுருங்கி ‘ஆர்.எல்.’ என்ற ஈரெழுத்தாகிவிடுகிறது. பாலிஜெலின் என்ற திரவமும் கால்சியம் கலந்தே வருகிறது. அதன் பெயரும் அதைச் சொல்வதில்லை. பையின் மேல் பொடி எழுத்தில் அச்சிடப்பட்ட உட்கூறுப் பட்டியலை நள்ளிரவில், மங்கிய விளக்கில், இரு அழைப்பு மணிகளுக்கு இடையே படிப்பவரிடம்தான் நாம் ‘அறிவு’ எதிர்பார்க்கிறோம். பெயரிடலின் குறையைப் படிப்பவரின் குறையாக மாற்றுவது எந்த அறிவியலுக்கும் அழகன்று.

பொது விதி ஒன்றைக் கற்பித்துவிடலாமே என்று தோன்றலாம். ‘ஐயமிருந்தால் சலைன்’ என்பது அத்தகைய விதி. ஃபெனிட்டாய்னுக்கு அது சரி. அம்மருந்து ஏறத்தாழ 12 என்ற மிகுந்த காரநிலையில்தான் கரைந்து நிற்கும். அமிலத்தன்மை உள்ள டெக்ஸ்ட்ரோஸோடு சேர்ந்தால் படிகமாகிவிடும். ஆனால் மரபுவகை ஆம்போடெரிசின் பி-க்கு அதே விதி நேர் எதிரானது. அது சலைனில் படியும். 5 விழுக்காட்டு டெக்ஸ்ட்ரோஸில்தான் கரைத்துக் கொடுக்கவேண்டும். ஒரு படுக்கைக்கு உயிர்காக்கும் விதி அடுத்த படுக்கைக்குக் கேடாகிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொள்ளலாமா? எளிய கணக்கு ஒன்று. ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் 12 சிரைவழி மருந்துகள் மட்டுமே வழக்கத்தில் உள்ளன என்று கொள்வோம். மருந்தோடு மருந்து சேரும் இணைகள் 66. சலைன், டெக்ஸ்ட்ரோஸ், இரண்டும் கலந்தது, ரிங்கர் லாக்டேட் என நான்கு திரவங்களோடு சேரும் இணைகள் 48. மொத்தம் 114. ஒவ்வொன்றுக்கும் ஒரே பை, ஒய் இணைப்பு என இரு நிலைமைகள் என்றால் 228 விடைகள். செறிவையும் நேரத்தையும் வயதையும் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. இந்த 228இலிருந்து இருபதை எடுத்து வினாத்தாளாக்கி, பாடம் நடத்தி, ஏழாம் நாள் நினைவிருக்கிறதா என்று பார்த்து, அதற்குப் பட்டம் வழங்குகிறோம். எட்டாம் நாள் கேட்பதில்லை.

இதினும் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. பொருத்த அட்டவணைகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: அவற்றில் ‘பொருந்தும்’, ‘பொருந்தாது’ என்ற குறிகளோடு வெற்றுக் கட்டங்களும் இருக்கும். வெற்றுக் கட்டம் என்றால் அந்த இணைக்குச் சோதனைத் தரவு இல்லை என்று பொருள். ‘பொருந்தாது என்று சொல்லப்படவில்லை’ என்பதும் ‘பொருந்தும் என்று சொல்லப்பட்டுள்ளது’ என்பதும் ஒன்றல்ல என்பதை எதிர்மறை பற்றிய முதற்பாடத்திலேயே நாம் படிக்கிறோம். ஆனால் நெருக்கடியில் நிற்பவருக்கு வெற்றிடம் அனுமதியாகத் தோன்றுவது இயல்பு. தரவு உள்ள கட்டங்களிலும் எச்சரிக்கை தேவை. ஒய் இணைப்புச் சோதனைகள் பெரும்பாலும் இரு கரைசல்களையும் சமப் பங்கில் சோதனைக் குழாயில் கலந்து, குறிப்பிட்ட சில மணி நேரம் கவனித்து நடத்தப்படுபவை. படுக்கையருகே இரு பம்புகள் வெவ்வேறு வேகத்தில் ஓடும்போது அச்சமப் பங்கு இருப்பதில்லை. எனவே விடை சொல்பவர் அட்டவணையை மட்டுமன்றி, அது எப்படி உருவானது என்பதையும் அறிந்தவராக இருக்கவேண்டும். அவர் மருந்தியலாளர். இந்தியாவில் ஃபார்ம்.டி. படிப்பு 2008இலேயே தொடங்கப்பட்டுவிட்டது. நோயாளியின் சிகிச்சையோடு நேரடியாகத் தொடர்புகொள்ளப் பயின்றவர்கள் ஆண்டுதோறும் வெளிவருகிறார்கள். இரவுப் பணியில் வார்டிலிருந்து அழைத்துக் கேட்கக்கூடிய அத்தகைய ஒருவர் பல மருத்துவமனைகளில் இல்லை.

செவிலியர் பயிற்சியில் மந்திரம்போல் ஓதப்படும் ‘ஐந்து சரிகள்’ உண்டு. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். ஐந்தும் சரியாக இருந்தும் குழாய்க்குள் படிகம் உண்டாகலாம். ஏனெனில் ஐந்தும் ஒற்றை மருந்தைப் பற்றியவை. அம்மருந்து எதனோடு சந்திக்கிறது என்ற கேள்வி அப்பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத ஒன்றைச் சரிபார்க்கவில்லை என்று பின்னர் விளக்கம் கேட்கிறோம்.

முன்னர்க் குறிப்பிட்ட அந்தச் செவிலியரை நான் அக்கா என்றுதான் அழைப்பேன். ஆய்வேட்டை ஒப்படைத்துப் பணிக்குத் திரும்பிய சில மாதங்களில் தமக்கு நேர்ந்ததைத் தொலைபேசியில் சொன்னார். இரவுப் பணி. வலிப்பு அடங்கிய நோயாளிக்கு மீண்டும் வராதிருக்க ஃபெனிட்டாய்ன் கொடுக்குமாறு உத்தரவு. எந்தத் திரவத்தில், எவ்வளவு நேரத்தில் என்று எதுவும் எழுதப்படவில்லை; ‘உடனே’ என்ற சொல் மட்டும் இருந்தது. நோயாளிக்கு ஒரே கேனுலா. அதில் டெக்ஸ்ட்ரோஸ் ஓடிக்கொண்டிருந்தது. சொட்டை நிறுத்தி, சிறு சலைன் பையை வேறு வார்டிலிருந்து கடன் வாங்கி வந்து, குழாயைக் கழுவி, மருந்தைச் சலைனில் கலந்து, நிமிடத்துக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படாத வேகத்தில் செலுத்தினார். நோயாளிக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. மறுநாள் அவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்கப்பட்டது. பொருத்தத்தைப் பற்றி அன்று. உடனே கொடுக்கவேண்டிய மருந்தைத் தாமதித்தது ஏன் என்று.

“என் ஆய்வேட்டின் வினாத்தாளை நானே எழுதினாலும் முழு மதிப்பெண் வாங்குவேன், தம்பி. அதனால் அன்றிரவு சலைன் பை வந்துவிடுமா?” என்று கேட்டார்.

அறிவு அவரிடம் இருந்தது. அதைச் செயலாக்கத் தேவையான பை பக்கத்தில் இல்லை. முழுமையான உத்தரவு இல்லை. சரிபார்க்க ஆகும் நேரத்தைப் பணியின் பகுதியாக ஏற்கும் நிர்வாகம் இல்லை. இவற்றுள் எதை நம் பின்தேர்வு அளந்தது?

எதிர்வாதங்களை நான் அறிவேன். ‘பயிற்சியே வேண்டாம் என்கிறாயா?’ இல்லை. எப்போது ஐயுற வேண்டும் என்பதைக் கற்பிக்கத்தான் வேண்டும். மிகுந்த காரநிலை மருந்தும் மிகுந்த அமிலநிலை மருந்தும் சந்தித்தால் ஐயுறு. கால்சியம் இருந்தால் ஐயுறு. இன்ன கரைப்பானில்தான் என்று நிபந்தனை உள்ள மருந்து என்றால் ஐயுறு. தரவு இல்லையெனில் பொருந்தாது என்றே கொள். தனி வழியில் கொடு, அல்லது நிறுத்திக் கழுவி வரிசையாகக் கொடு. இந்த நான்கையும் ஒரு பிற்பகலில் கற்பிக்கலாம். ஐயுறக் கற்பித்துவிட்டு, ஐயம் தீர்க்கும் வழியைத் தராமல் விடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

‘எல்லோரிடமும் கைபேசி இருக்கிறதே, செயலியில் பார்க்கலாமே?’ நம்பத்தகுந்த தரவுத்தளங்கள் பெரும்பாலும் சந்தா கட்டவேண்டியவை. பணி நேரத்தில் செவிலியர் கைபேசியைத் தொடக்கூடாது என்று விதி வைத்திருக்கும் இடங்களும் உண்டு. நிறுவனத்தின் கடமையை ஊழியரின் சொந்தக் கைபேசிக்கும் சொந்தப் பணத்துக்கும் மாற்றுவது தீர்வாகாது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளுக்கு ஊசிமருந்து வழிகாட்டியாக ‘மெடூசா’ என்ற தரவுத்தளம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மருத்துவமனை மருந்தியலாளர் சங்கம் ஊசிமருந்துக் கையேடு ஒன்றை வெளியிட்டு வருகிறது. அங்கேயெல்லாம் இது தனிமனிதரின் நினைவாற்றலுக்கு விடப்படவில்லை. தேசிய மருந்துக் கையேட்டை வெளியிடும் இந்திய மருந்தகராதி ஆணையம் காசியாபாத்தில் இயங்குகிறது. ஊசிமருந்துப் பொருத்தத்தை வார்டில் வைத்துப் பார்க்கும் வடிவில், இலவசமாக, ஒவ்வோர் அரசு மருத்துவமனைக்கும் கொண்டு சேர்க்குமாறு அவ்வாணையத்திடம் கேட்கவேண்டியவர்கள் யார்? செவிலியர் கல்லூரிகளும் மருந்தியல் துறைகளும்தாமே?

‘மொழியியல் படிப்பவனுக்கு இதில் என்ன வேலை?’ இது நேர்மையான கேள்வி. எந்த மருந்து எதனோடு படியும் என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. மேலே சொன்ன மருந்துச் செய்திகள் யாவும் அத்துறையினர் நெடுங்காலமாக அறிந்தவை. ஆனால் மருந்து உத்தரவு ஓர் உரை. பையின் முகப்புச் சீட்டு ஓர் உரை. பொருத்த அட்டவணை ஓர் உரை. வினாத்தாளும் உரையே. முழுமையற்ற உரையைக் கையில் கொடுத்து, அதைப் படித்தவரின் அறிவைச் சோதிப்பது எந்தத் துறையில் நடந்தாலும் சுட்டிக்காட்டும் கடமை உரைகளைப் படிக்கும் துறைக்கு உண்டு.

ஆகவே வழிகாட்டிகளான பேராசிரியர்களுக்கும், அடுத்த ஆண்டு தலைப்புத் தேடப்போகும் மாணவர்களுக்கும் சில மாற்றுக் கேள்விகளை முன்வைக்கிறேன். உங்கள் வார்டின் மருந்து உத்தரவுகளில், கரைக்கும் திரவமும் செலுத்தும் வேகமும் எழுதப்பட்டவை நூற்றுக்கு எத்தனை? அந்த வார்டில் உண்மையாகவே ஒரே குழாயில் சந்திக்கும் மருந்து இணைகள் எவை. அவற்றுள் எத்தனைக்குத் தரவு இருக்கிறது? பின்னிரவு இரண்டு மணிக்கு ஒரு பொருத்த ஐயம் எழுந்தால் நம்பகமான விடை கிடைக்க எத்தனை நிமிடம் ஆகிறது, யார் அதைச் சொல்கிறார்? அவ்வார்டின் 12 மருந்துகளுக்கு மட்டும் மருந்தியலாளர் ஒருவர் சரிபார்த்து, தேதியிட்டு, கையொப்பமிட்ட ஓர் அட்டவணையைச் சுவரில் மாட்டினால், ‘தரவு இல்லை, சேர்க்காதே’ என்பதற்குத் தனி நிறம் கொடுத்தால், அந்த நிமிடங்கள் குறைகின்றனவா? சரிபார்ப்பதற்காகத் தாமதித்த செவிலியருக்கு நிர்வாகம் என்ன மறுமொழி தருகிறது?

இவை ஒவ்வொன்றும் ஒரு முதுகலை மாணவர் சில வாரங்களில் எண்ணி முடிக்கக்கூடியவை. பெருந்தொகை தேவையில்லை. ஒரே ஓர் இடர்ப்பாடுதான். இக்கேள்விகளின் விடை, குறையைச் செவிலியரிடம் அன்றி மருத்துவமனையிடம் காட்டக்கூடும்; அம்மருத்துவமனைதான் ஆய்வுக்கு அனுமதி தரவேண்டும். நம் ஆய்வுத் தலைப்புகள் ஏன் எப்போதும் மிகக் குறைந்த அதிகாரம் உடையவரின் அறிவையே அளக்கின்றன என்பதற்கான விடையும் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அக்கா அந்த விளக்கக் கடிதத்துக்கு இரண்டே வரியில் பதில் எழுதினார். டெக்ஸ்ட்ரோஸில் ஃபெனிட்டாய்ன் படியும் என்பதால் சலைன் தேவைப்பட்டது. அந்தச் சலைன் வார்டில் இல்லை. இன்றுவரை அதற்கு மறுமொழி வரவில்லை என்றார். அவர் கல்லூரி நூலகத்தில் அவருடைய ஆய்வேடு இருக்கிறது. அதன் இறுதிப் பக்கத்தில், என் மொழித்திருத்தத்துடன், செவிலியரின் அறிவு போதுமானதாக இல்லை என்று அச்சிடப்பட்டிருக்கிறது. அந்த வாக்கியத்தின் இலக்கணத்தை மட்டும் சரிபார்த்துவிட்டுக் கடந்து சென்றதற்காக நான் வருந்துகிறேன். அடுத்த ஆண்டு அதே வாக்கியம் வேறொரு ஏட்டில் கையொப்பத்துக்கு வரும்போது, கையொப்பமிடும் முன், அந்த வார்டில் சலைன் பை இருந்ததா என்று ஒருமுறை கேளுங்கள்.